அட்டையில் என் முகம்

அனமாபோ
3 பிப்ரவரி 1976

அன்புத் தங்கை அராபாவுக்கு,

இங்கே அடுப்பு எரிகிறது, அம்மாவுக்கு மூச்சு ஓடுகிறது, என் முதுகு மட்டும்தான் வலிக்கிறது. லண்டன் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா?

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் கேள்வி. என்னைக் குப்பைமேட்டில் போட்ட கதையை முதலிலிருந்து எழுதச் சொல்கிறாய். சின்ன வயதில் அதை ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, இப்போது என்ன வந்தது உனக்கு? சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள். ஒன்றுகூட ஒரு வாரம் தாண்டவில்லை. நான் பிறந்த எட்டாம் நாள் விடியற்காலையில் அம்மா என்னை ஓட்டைக் கூடையில் வைத்து, மீன் செதிலும் சாம்பலும் கொட்டும் மேட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். பேசி வைத்தபடி பக்கத்து வீட்டு மான்சா அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் கூவிக்கொண்டு வந்தாளாம்.

"குப்பை வாங்கலியோ குப்பை!"

"என்னடி அது, சிணுங்குது?"

"குப்பைதான். மேட்டுல கெடந்துச்சு. குடுக்கறதைக் குடு."

"இந்த மூஞ்சிக்கு ஆறு பென்னியே ஜாஸ்தி" என்று சொல்லி அம்மா என்னை விலைக்கு வாங்கினாள். அன்றே ஒவ்வொரு கன்னத்திலும் மூன்று கீறல். சுமினா என்று பெயர், குப்பைமேடு என்று அர்த்தம். சாவு எட்டிப் பார்த்தால் இது யாரோ தூக்கிப் போட்டது, இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று போய்விட வேண்டும். அதற்காகத்தான் அம்மா இந்த முப்பத்தெட்டு வருஷமும் என்னை வாய் திறந்து மகள் என்று கூப்பிட்டதில்லை.

இப்போது என் விஷயம். அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. இதயத்தில் நீர் கோத்திருக்கிறது, ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ என்கிறார் டாக்டர். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வாங்கிய பிள்ளை தாயைக் கடைசியாகக் குளிப்பாட்டக் கூடாது. அந்தத் தண்ணீரை நான் தொட்டால் இத்தனை வருஷம் ஏமாந்த சாவு, ஓகோ இவள்தான் மகளா என்று கண்டுகொள்ளுமாம். நான் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவள். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. பெற்ற மகள் நீ ஒருத்திதான். வா.

நீ கேட்ட என் புகைப்படத்தை இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஏழு வயதில் எடுத்தது, வேறு பிரதி இல்லை, பத்திரம்.

உன் அக்கா
சுமினா

*

லண்டன்
20 மார்ச் 1976

என் பிரியமான அக்காவுக்கு,

இங்கே பனி விட்டுவிட்டது, ஆனால் ஈரம் விடவில்லை. நான் சுகம். உன் முதுகுக்குத் தைலமும் அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் அனுப்புகிறேன்.

நீ எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. புகைப்படத்தைப் பார்த்து அழுதேன். இங்கே என் தோழிகளிடம் காட்டினேன், அவர்களால் நம்பவே முடியவில்லை. நம் கடற்கரைப் பெண்களைப் பற்றி ஏதோ எழுதிப் பார்க்கிறேன், அதற்குத்தான் இதெல்லாம் கேட்கிறேன்.

இன்னும் கொஞ்சம் சொல். பள்ளிக்கூடத்தில் பெண்கள் உன்னை என்ன சொல்லிக் கேலி செய்தார்கள்? அப்பா என்னை மட்டும் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கு அனுப்பி உன்னை ஆறாம் வகுப்போடு நிறுத்தினாரே, அன்று உனக்கு எப்படி இருந்தது? உன் கணவர் போனபோது? கண்ணாடி பார்க்கும்போது என்ன நினைப்பாய்? எதையும் மறைக்காதே அக்கா, உன்னைப் போலச் சொல்ல என்னால் முடியாது.

அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல். இந்த வருஷம் வரப் பார்க்கிறேன். நிச்சயம் என்று சொல்ல முடியவில்லை.

அன்புடன்
அராபா

*

அனமாபோ
11 மே 1976

அராபா,

தைலம் வந்தது, முதுகு வலி அதற்குக் கேட்கிறது. கம்பளிச் சட்டையைப் பார்த்து ஊரே சிரித்தது. இந்த வெயிலில் அதை எதற்கு அனுப்பினாய்? அம்மா அதைச் சோளமாவுப் பானைக்குப் போர்த்தியிருக்கிறாள், மாவு நன்றாகப் புளிக்கிறது.

அம்மாவிடம் உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"லண்டன்லருந்து உன் மக சொல்றா."

"அவளை வந்து என் வாய்ல கையை வுட்டு எடுத்துக்கச் சொல்லு. நீ என்னடி மசமசன்னு நிக்கறே, ஆறு பென்னிக்கு வாங்கினதுக்கு இதுதான் லாபமா? போய் மாவை இலையில கட்டு!"

வாய் மட்டும் குறையவில்லை. அப்படித் திட்டும்போது மீனின் நடுத்துண்டை என் தட்டில்தான் போடுகிறாள்.

கேட்டதற்கெல்லாம் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. பள்ளியில் என்னைக் கூப்பிட மாட்டார்கள், துடைப்பத்தைத் தரையில் தட்டுவார்கள், அதுதான் என் பெயர். மழமழவென்று கன்னம் இருக்கிற பிள்ளையை அனுப்பினால்தான் வெள்ளைக்காரச் சகோதரிகள் முன்னால் மரியாதை என்று அப்பா என் காதுபடச் சொன்னார். அன்று உன் புதுச் சப்பாத்தைக் கிணற்றில் போட்டது நான்தான். இப்போதாவது தெரிந்துகொள். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போகும்போது, "உன் மூஞ்சியப் பாத்துப் பழகிட்டேன், உன் வயிறு தொறக்கலியே" என்றார். பிள்ளை இல்லாததற்குக்கூட அந்த மனிதனால் முகத்தை இழுக்காமல் இருக்க முடியவில்லை. கண்ணாடியில் நான் கன்னத்தைப் பார்ப்பதில்லை, பல்லைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆசை, இதை நீ எங்கும் எழுத வேண்டாம். அம்மா ஒரே ஒரு தடவை என்னை என் கிழமைப் பெயரால், எஃபுவா என்று கூப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை பிறந்த எல்லோருக்கும் இருக்கும் பெயர்தான். எனக்கு அது ஞானஸ்நானச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

எப்போது வருகிறாய்?

சுமினா

*

லண்டன்
30 அக்டோபர் 1976

என் அக்காவுக்கு,

ஏழு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைதான். அம்மா எப்படி இருக்கிறாள்? நீ?

சின்னப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. கதை என்றால் அப்படியும் இப்படியும்தான் இருக்கும், இருப்பதை இருந்தபடி யாரும் எழுதுவதில்லை. அங்கே யாராவது ஏதாவது சொன்னால் நம்பாதே. பிரதி அனுப்பலாம் என்றால் தபால் கட்டணம் அதிகம்.

டிசம்பரில் வர முடியாது போலிருக்கிறது. ஊர் ஊராகக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அராபா

*

அனமாபோ
18 டிசம்பர் 1976

அராபா,

இங்கே வறண்ட காற்று தொடங்கிவிட்டது, உதடெல்லாம் வெடிப்பு. அம்மா இரண்டு தலையணை இல்லாமல் படுப்பதில்லை. நீ சுகமாக இருப்பாய், பின்னட்டைப் படத்தில் பார்த்தேன், சதை போட்டிருக்கிறாய்.

தபால் கட்டணம் உனக்கு மிச்சம். எசெல் வாத்தியார் கேப் கோஸ்ட் போனபோது புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார். பொட்டலத்தைப் பிரித்ததும் என் கையில் கொடுத்தார். அட்டையில் நான். ஏழு வயசு, அதே கீறல், அதே உர்ரென்ற முகம். கீழே உன் பெயர்.

இலையில் கட்டிய கென்கி மாவு வேகும் நேரத்தில் மத்தியானம் மத்தியானமாக வாத்தியார் வாசித்து எங்கள் பேச்சில் சொன்னார். பதினோரு நாள் ஆனது. முதல் நாள் முதல் வரியிலேயே, 'என் தாய் என்னைக் குப்பையில் எறிந்தாள், பிறகு ஆறு பென்னிக்கு விற்றாள்.' வாங்கினாள் இல்லை அராபா, விற்றாள்! துடைப்பம் தட்டியது உனக்கு. முகத்தைப் பார்த்துப் பழகிய புருஷன் உனக்கு. கன்னத்துக் கீறலைப் பவுடர் பூசி மறைத்துக்கொண்டு லண்டனில் திரிகிறாயாம். அதில் ஒரு தங்கை வருகிறாள், மழமழவென்று கன்னம், இறைச்சி தின்பாள், படிப்பு ஏறாமல் ஊரோடு கிடப்பவள். அது நான்தான் போலிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், தாயைக் குளிப்பாட்டும்போது வாங்கிய மகள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும், அழுதால் சத்தம் வரக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். வாத்தியார் அதை வாசித்தபோது நான் எழுந்து விறகு எடுக்கப் போனேன்.

கடைசி நாள் அம்மா கேட்டாள்.

"வாத்யாரே, இது யாரு கதை?"

"உங்க சின்னப் பொண்ணு எழுதினது."

"எழுதினது அவ. கதை யாருது?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். "நான் வித்தேனாமா?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாப்பிடவில்லை.

எனக்கு ஒரே கேள்விதான். அக்கா என்று எழுதினால் உன் பேனா நகராதா? ஏன் 'நான்'?

சுமினா

*

லண்டன்
16 ஜனவரி 1977

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் இருவரும்?

நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் 'அக்கா' என்றுதான் எழுதினேன். அறுபது பக்கம். பதிப்பகத்தில் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் நீ யார் என்று கேட்டார்கள். பத்து வயதில் என்னைக் கன்னியாஸ்திரீகளிடம் விட்டீர்கள். நம் பேச்சைப் பேசினால் கழுத்தில் மரப்பலகை மாட்டுவார்கள். லண்டனில் நான் கறுப்புப் பெண். ஊருக்கு வந்தால் வெள்ளைக்காரி என்று சின்னப்பிள்ளைகள் பின்னால் ஓடி வருகிறார்கள். எழுத என்னிடம் என்ன இருந்தது? உன்னிடம் முகம் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். அம்மா உன்னைத் திட்டும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். "என் ராசாத்தி" என்று என்னை ஊரறியக் கொஞ்சினாள். போனால் போகட்டும் என்று இருந்தால்தானே அப்படிப் பயமில்லாமல் கொஞ்ச முடியும்? உனக்காக அவள் சாவோடு சண்டை போட்டாள். எனக்காக யாரும் ஒரு கூடையைக்கூடத் தூக்கவில்லை.

இப்போது உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஏப்ரலில் தொலைக்காட்சிக்காரர்களோடு வருகிறேன், நம் வீட்டைப் படமெடுக்கப் போகிறார்கள். ஒரே வாரம். அந்த ஒரு வாரம் நீ பெற்ற மகளாக இரு, நான் வாங்கிய மகளாக இருக்கிறேன். அம்மா கேமரா முன்னால் அப்படிச் சொல்ல வேண்டும். உன் கன்னத்தைப் பற்றிக் கேட்டால், இந்த ஊரில் பலருக்கும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். கோஜோ மாமா வழக்கப்படி மது ஊற்றி முன்னோர்களைக் கூப்பிட்டால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். உண்மை வெளியே வந்தால் நான் பொய்க்காரி ஆவேன், இங்கே என் வாழ்க்கை முடிந்துவிடும். நீ மனம் வைத்தால்தான்.

உன்
அராபா

*

அனமாபோ
12 பிப்ரவரி 1977

தங்கைக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீயும் பயப்படாமல் சாப்பிட்டுத் தூங்கு.

அம்மாவிடம் சொன்னேன். சரி என்றாள். மாமாவிடமும் சொன்னேன். "சும்மா படத்துக்குத்தானா, நெசமாவா?" என்று கேட்டார். தங்கை என்ன கேட்டாளோ அதைச் செய்யுங்கள் என்றேன். ஜின் ஒரு பாட்டில் வாங்கி வா, நல்லதாகப் பார்த்து வாங்கு, முன்னோர்களுக்கு மட்டமானதை ஊற்ற மாட்டார்.

எல்லாம் நீ எழுதியிருக்கிறபடியே நடக்கும்.

சுமினா

*

லண்டன்
9 மே 1977

சுமினாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இரண்டு கன்னத்திலும் சீழ் வைத்து, இப்போதுதான் கட்டு அவிழ்த்தார்கள். ஆறு கோடும் மறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ ஏன் தடுக்கவில்லை? விமானத்தில் எட்டு மணி நேரமும் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். மாமா ஜின்னைத் தரையில் ஊற்றி, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதலில் என்னையும் பிறகு உன்னையும் காட்டி மூன்று முறை கேட்டார்.

"எசி, இவ யாரு?"

"நான் வாங்கினவ."

"அவ யாரு?"

"நான் பெத்தவ."

மூன்று முறையும் அம்மா தடுமாறாமல் சொன்னாள். நான்தானே சொல்லச் சொன்னேன், அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு அந்த இயக்குநர் கீறல் எங்கே என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கும் முன்பே எசெல் வாத்தியார் முந்திக்கொண்டு அம்மாவிடம் சொல்லிவிட்டார். பவுடருக்கு அடியில் இருக்கிறது, மங்கிவிட்டது என்றேன். அம்மா என் தாடையைப் பிடித்து வெயிலில் திருப்பினாள்.

"மங்கிப் போச்சா? அப்ப மறுபடியும் போடணும். சுமினா, பிளேடை எடு."

வாத்தியார் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். இயக்குநர் முகம் மலர்ந்ததை நீயும் பார்த்தாய். என்னிடம் எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் தெரியுமா, உங்களுக்குச் சம்மதம்தானா என்று! வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஊரே நிற்கிறது. நானே சரி என்றேன். இடது கன்னம் முடிந்ததும் பிலிம் தீர்ந்துவிட்டது, மாட்டும் வரை அம்மா பொறுமையாகக் காத்திருந்தாள், நான் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தேன். நீ அவள் பக்கத்தில் நின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அராபா

*

அனமாபோ
2 ஜூன் 1977

அராபா,

புண்ணில் கை வைக்காதே, தேங்காய் எண்ணெய் போடு. அரிக்கும்போது பக்கத்தில் தட்டிக்கொடு, சொறியாதே. முப்பத்தொன்பது வருஷ அனுபவம், இலவசமாகச் சொல்கிறேன்.

நான் பக்கத்தில் நின்றேன் என்கிறாய். சரியாகப் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கை நடுங்கும், பிளேடு கண்ணுக்குப் போய்விடும் என்று நான்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். கோடு நேராக இருக்கிறதே, அது அம்மா போட்டதா? பிளேடு புதிது. நீங்கள் வருவதற்கு முதல் நாள் நானே வாங்கி வைத்தேன்.

அம்மாவை நீ வெறுக்காதே. புத்தகம் வாசித்து முடித்ததிலிருந்தே அவளுக்குப் பயம். "குப்பைன்னு உலகத்துக்கே எழுதி வச்சிட்டு மழமழன்னு கன்னத்தோட திரியறாளே. சாவுக்குப் படிக்கத் தெரிஞ்சா என்ன பண்றது? பொய்யின்னு தெரிஞ்சா வந்து எடுத்துக்காதா?" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். அவள் பயந்துதான் வெட்டினாள். ஒரு கூடையைக்கூடத் தூக்கவில்லை என்று எழுதினாயே, உனக்காகவும் தூக்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தது பயத்தால் இல்லை. எனக்கு நீ அலறியது பிடித்திருந்தது. கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் கற்றுக்கொண்ட குரலில் இல்லாமல் நம் ஊர்க் குரலில் அலறினாய்.

மாமா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மது ஊற்றி மூன்று தடவை சொன்னது சொன்னதுதான், முன்னோர்களுக்குக் கேமரா தெரியாது என்கிறார். உங்கள் வண்டி திரும்பிய அன்று சாயங்காலம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கூப்பிட்டாள்.

"எஃபுவா!"

எந்த எஃபுவாவோ என்று நான் திரும்பவே இல்லை.

"எஃபுவா, என் மகளே, காது செவிடா? தண்ணி குடு."

தண்ணீரைக் கொடுத்தேன். முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து திட்டுவதில்லை. மீனின் நடுத்துண்டை இரண்டாகப் பிய்த்துச் சரிபாதி தருகிறாள். பழைய திட்டுக்கு ஏங்குகிறது மனசு, அது வேறு விஷயம்.

வீக்கம் வயிறு வரை ஏறிவிட்டது.

எஃபுவா

*

லண்டன்
21 ஆகஸ்ட் 1977

அக்கா,

உன் பெயரை எழுதத் தைரியம் வரவில்லை, அக்கா என்றே எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே படம் காட்டிவிட்டார்கள். தெருவில் நிறுத்தி என் கன்னத்தைப் பார்த்துக் கை கொடுக்கிறார்கள். எவ்வளவு துணிச்சல் என்கிறார்கள்.

அம்மா பேச்சு நின்றுவிட்டது என்று வாத்தியார் எழுதியிருக்கிறார். செப்டம்பர் பதினைந்தாம் தேதிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். நான் வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால், கேப் கோஸ்ட்டில் குளிர்பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருங்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்காக எல்லா வீட்டிலும் காத்திருக்கிறார்களே.

கேமரா முன்னால் நடந்தது நாடகம் அக்கா. நான் வந்து மாமாவிடம் சொல்கிறேன். லண்டனிலும் சொல்லிவிடுகிறேன், பத்திரிகையில் எழுதுகிறேன், அட்டையில் இருப்பது நானில்லை என்று. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பெற்ற மகள் நான் ஒருத்திதான் என்று நீதானே எழுதினாய்? அவள் முகத்தையாவது நான் கழுவுகிறேன். அவள் என்னை ராசாத்தி என்றுதான் கூப்பிடுவாள்.

உன் தங்கை
அராபா

*

அனமாபோ
14 செப்டம்பர் 1977

அன்புத் தங்கை அராபாவுக்கு,

நாளை விமான நிலையத்தில் மாமா மகன் இதை உன் கையில் கொடுப்பான். பயணக் களைப்பு இருக்கும், வழியில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வா.

அம்மா போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டாள். என் மடியில்தான் தலை இருந்தது. நீ கேட்டபடி குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறோம், சனிக்கிழமை காலை குளிப்பாட்டுகிறோம். தண்ணீர், எலுமிச்சை, தேய்க்கும் நார், புதுத் துணி எல்லாம் நான் எடுத்து வைத்துவிட்டேன். முகம், கை, கால் எல்லாம் நான்தான். எப்படிச் செய்ய வேண்டும் என்று கிழவிகள் சொல்லிக் கொடுத்தார்கள். மகளுக்குச் சொல்லித் தருவது போலச் சொல்லித் தந்தார்கள்.

மாமாவிடம் நீ பேசலாம், அவர் கேட்க மாட்டார். பத்திரிகையில் நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், இந்த ஊரில் அதைப் படிக்கிறவர் எசெல் வாத்தியார் ஒருவர்தான். என்னிடம் பேசாதே. இத்தனை நாள் எனக்குக் கொடுக்க உன்னிடம் எதுவும் இருந்ததில்லை, இப்போது திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறாய். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதை நான் தர மாட்டேன். கல் நெஞ்சக்காரி என்று சொல்லிக்கொள்.

வேலிக்கு வெளியே பப்பாளி மரத்தடியில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் அந்த இடத்தை எனக்காகப் பார்த்து வைத்திருந்தேன், நல்ல இடம்தான், உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் அந்தப் பக்கம் திரும்பும், கன்னம் எரியும், குடை கொண்டு வா. அழுகை வந்தால் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொள். வாங்கிய பிள்ளை சத்தம் போட்டு அழக் கூடாது.

எஃபுவா